அடிகளார் வளர்ந்த வகை

உலகத்திலே வளர்ச்சி என்பது இருவகையாய் நிகழ்கின்றது. ஒன்று, கண்டார் வியக்கும்படி ஒரு நாளிலே புலப்படுவது. பரீட்சையிற் சித்தி, பதவியில் உயர்வு, சபையிற் பாராட்டு என்பன அவ்வகையின. மற்றொன்று, நாடோறும் நிகழ்ந்தும் நாடோறுங் காண்பார்க்குப் புலப்படாதது. பனைவிதையை ஊன்றியவன் சில திங்கள்வரை நிலத்தின்மேல் இலை யாதொன்றுங் காணான். மண்ணுள்ளேயோ கிழங்கு ஆழ இறங்கிக்கொண்டிருக்கின்றது. ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட நம்மிடத்து ஒப்புவிக்கப்பட்ட பிள்ளைகளின் வளர்ச்சியிற் பெரும்பகுதியும், நம்முடைய வளர்ச்சியிற் பெரும்பகுதியும், இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தனவே. அதனைக் கண்டறியும் ஆற்றல் நமக்கு வாயாதாயின், வளர்கின்ற பிள்ளையை வளராத பிள்ளையென்று கைவிடும் பெருங்கேடு நேரும்.

மட்டக்களப்பு நாடு தமிழுலகத்துக்கு அளித்த பெரியாராகிய ஸ்ரீ விபுலாநந்த அடிகளாரின் சரித்திரத்தை நாம் பாடசாலைகளில் ஆண்டுதோறும் பேசுகின்றோம். பேசுங்கால், மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதர் என்றும், விஞ்ஞானப் பட்டதாரி என்றும், துறவி என்றும், பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் என்றும், யாழ்நூல் இயற்றியவர் என்றும் பெருமைகளை அடுக்கிச் செல்கின்றோம். கேட்கின்ற பிள்ளையோ, இவர் வானத்தினின்றும் இறங்கிய ஒருவர் போலும், நமக்கும் இவருக்கும் யாதுந் தொடர்பில்லை எனக் கருதி வீடு செல்கின்றது. அப்பெருமைகளுக்கு இடையே கிடந்த ஆண்டுகளை எடுத்துரைப்பார் சிலரே. அடிகளார் வளர்ந்தது அவ்வாண்டுகளிலேயாம். ஆதலின், அவற்றையே ஈண்டுச் சிறிது நோக்குவாம்.

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே காரைதீவிற் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாய்த் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். இக்காலத்தில் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்துள்ள காரைதீவு அக்காலத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்தது. ஒருபால் கடலும் ஒருபால் வயலுமாக விளங்கும் அவ்வூரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடத்து முதற்கல்வி பயின்றார். பின்னர் வைத்தியலிங்க தேசிகரிடத்துத் தமிழ் கற்றார். ஆங்கிலக் கல்வியைக் கல்முனையில் மெதடிஸ்த மிஷனார் நடத்திய பாடசாலையிலும், அப்பால் மட்டக்களப்பு நகரிலே இயேசு சபைக் குருமார் நடத்திய புனித மைக்கேல் கல்லூரியிலும் பெற்றார். 1908இல், தமது 16ஆம் வயதிலே, கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. பாதிரிமார் பாடசாலையிற் பயின்றமையால் அவர் தமிழையும் சமயத்தையும் கைவிட்டிலர்; தமிழிலும் சமயத்திலும் பற்றுடைமையால் அப்பாடசாலை அளித்த கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் இகழ்ந்திலர். இரண்டும் ஒரே உள்ளத்தில் இரு நாற்றுக்கள்போல் அருகருகே நின்றன. அக்காலத்தில் அவரைக் கண்டோர் எவரும் இவ்விரண்டும் ஒன்றுகூடி ஒரு நூலாக விளையும் என்று கூறியிருத்தல் இயலாது. பாதிரிமார் பாடசாலையிலேயே கல்வி பெற்றவனாகிய யானும் இவ்விடயத்தைப் பலகால் எண்ணிப்பார்த்ததுண்டு. நல்ல கல்வி எங்கே கிடைப்பினும், அதனைத் தனதாக்கிக்கொள்ளும் வேலை கற்பவனுடையதே.

1908க்கும் 1916க்கும் இடைப்பட்ட எட்டாண்டுகளை நோக்குக. பரீட்சையிற் சித்தியெய்திய இளைஞர் ஆசிரியராய் அமர்ந்தார். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னார். 1911இற் கொழும்பு சென்று அரசினர் ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்து பயிற்சி பெற்றார். மீண்டும் ஊர் திரும்பிக் கற்பித்தார். பின்னரும் கொழும்பு சென்று தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்று 1916இல் தகுதிப்பத்திரம் பெற்றார். கொழும்பில் இருந்த காலத்தில் தென்கோவைக் கந்தையாபிள்ளை போன்ற தமிழறிஞரை அடுத்துப் பழந்தமிழ் நூல்களை ஆராய்ந்தார். அதே 1916ஆம் ஆண்டிலே மதுரைத் தமிழ்ச்சங்கத்தார் நடத்திய பண்டிதர் பரீட்சையிலும் தேறினார்.

பண்டிதர் பட்டமும் விஞ்ஞானத் தகுதியும் ஓராண்டிலே கிடைத்தன என்று கேட்கும்போது நமக்கு வியப்பு உண்டாகின்றது. அவ்வியப்பிலே நாம் மறந்துவிடுவது, அவ்வெட்டாண்டுகளிலே அவர் ஒரு சாதாரண ஆசிரியர் என்பதே. காலையிற் பாடசாலை, மாலையிற் படிப்பு, விடுமுறையிற் புத்தகம் என்று சென்ற நாட்கள் அவை. ஒவ்வொரு நாளையும் தனியே எடுத்து நோக்கினால் அதிற் சிறப்பு ஒன்றுங் காணப்படாது. அக்காலத்திலே அவரோடு ஒரே பாடசாலையிற் கற்பித்த ஓர் ஆசிரியர், இவர் இன்று நேற்றையினும் வளர்ந்துள்ளார் என்று சொல்லியிருத்தல் அரிது. நாள் காட்டாததை எட்டாண்டு காட்டிற்று.

1917இல் யாழ்ப்பாணஞ் சென்று சம்பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியராயினார். அங்கே கற்பித்துக்கொண்டே இலண்டன் பல்கலைக்கழகத்தாரது விஞ்ஞானப் பட்டப் பரீட்சைக்கு வெளிமாணவராய்ப் படித்துப் பட்டம் பெற்றார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியர் பதவி அவரை வந்தடைந்தது. அக்காலத்து இலங்கையிலே ஒரு தமிழிளைஞர் விரும்பத்தக்க நிலைமை இதனின் மேம்பட்டது அதிகமில்லை. வயதோ முப்பதை எட்டவில்லை. கல்வியும் மதிப்பும் ஊதியமும் ஒருங்கே வாய்த்தன. இவ்விடத்தில் நின்றிருந்தாலும் நாம் அவரை நல்லாசிரியர் என்று போற்றியிருப்போம்.

அவர் நின்றிலர். 1922இற் பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூரிலுள்ள ஸ்ரீ இராமகிருஷ்ண மடத்தை அடைந்து பிரமசாரியாயினார். பிரபோத சைதந்யர் என்னும் பெயர் பெற்றார். தலைமையாசிரியராய் ஆணையிட்டவர் மடத்திலே கட்டளைக்கு அடங்கி நடக்கும் மாணவராய் மீண்டுந் தொடங்கினார். இரண்டாண்டு சென்றபின், 1924இல், பரமஹம்சரின் நேர்ச்சீடராகிய சுவாமி சிவாநந்தரிடத்துச் சந்நியாசம் பெற்று விபுலாநந்தர் ஆயினார். மடத்தார் வெளியிட்ட தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளின் ஆசிரியப் பணியிலும் ஈடுபட்டார்.

வளர்ச்சியை அறிதற்கு உரிய அடையாளங்களுள் ஒன்று இங்கே கிடைக்கின்றது. ஒருவன் எத்துணைப் பெற்றான் என்பதனைக் கணக்கிடுதல் எளிது. பட்டமும் பதவியும் எண்ணத்தக்கன. பெற்றதனை விட்டு மீண்டும் மாணவனாய் அமர்தற்கு ஒருவன் ஆற்றலுடையனாயினானா என்பது எளிதிற் கணக்கிடப்படாது. உள்ளே முதிர்ந்தவனுக்கே அது கூடும். முதிராதவன் பதவியை விடின் தானும் இல்லாமற் போய்விடுவான் என்று அஞ்சுவான். அடிகளாரின் வாழ்க்கையிலே இவ்வகை விடுதல் ஒருமுறையன்று, பலமுறை நிகழ்ந்தது என்பதைப் பின்னருங் காண்போம்.

1925இல் இலங்கைக்கு மீண்டு இராமகிருஷ்ண சங்கத்தாரின் கல்விப்பணியை மேற்கொண்டார். திருகோணமலை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்னும் இடங்களிற் சங்கத்தார் பொறுப்பில் வந்த பாடசாலைகளை நடத்தும் பாரம் அவர்மேல் அமைந்தது. மட்டக்களப்பு நகருக்குக் கிழக்கே, வாவிக்கு அப்பாலுள்ள கல்லடி உப்போடையிலே 1929இல் சிவாநந்த வித்தியாலயம் திறக்கப்பட்டது. குருநாதர் பெயரை அதற்கு இட்டார். ஆதரவற்ற பிள்ளைகள் தங்கிக் கற்கும் மாணவர் இல்லமும் அங்கே வளர்ந்தது.

பாடசாலை நடத்துதல் யாதென்பதை நம் ஆசிரியர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கட்டடத்துக்குக் கூரை வேண்டும். பிள்ளைக்குச் சோறு வேண்டும். ஆசிரியர்க்கு வேதனம் வேண்டும். அரசினர்க்கு அறிக்கை வேண்டும். கவிதையும் இசையும் விஞ்ஞானமும் அறிந்த ஒருவர் இவற்றிலே ஆண்டுகளைச் செலவிட்டமை வீணென்று சிலர்க்குத் தோன்றலாம். ஆனால் ஈழத்துக் கிழக்குக் கரையிலே ஏழைப்பிள்ளைகள் ஆங்கிலமும் விஞ்ஞானமும் தம் சமயச் சூழலிலே கற்கும் வாய்ப்பு அவ்வாண்டுகளால் விளைந்ததேயாம். அவர் கண்டு மகிழ்ந்த விளைவு சிறிது. அவர்க்குப்பின் வந்தோர் கண்டது பெரிது.

1931இற் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராய் அழைக்கப்பட்டார். பகலிற் பல்கலைக்கழக மாணாக்கர்க்குச் சங்க நூல் கற்பித்தவர், மாலையில் அருகிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். கற்றோர் பலர் சுப்பிரமணிய பாரதியாரைப் பெரும்புலவராக ஏற்க மறுத்த காலத்திலே, பாரதியார் பாடல்களைப் பல்கலைக்கழகத்திற் பயில்வதற்கு வழிசெய்தார். பேராசிரியர்க்குரிய மதிப்பு அவரை அரிச்சுவடி கற்பித்தலினின்றும் தடுக்கவில்லை என்பது நம் கவனத்துக்குரியது. ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடத்துத் தாம் பெற்ற முதலெழுத்தின் பெருமையை அவர் மறந்திலர் போலும். இரண்டாண்டு கழிந்து 1933இல் அப்பதவியையும் விட்டு நீங்கினார்.

1936இலே சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் கலைச்சொல்லாக்க மகாநாடு கூடியபோது தலைமை வகித்தவர் அடிகளாரே. பௌதிகம், இரசாயனம், கணிதம், உடலியல் முதலிய கலைகளைத் தமிழிலே கற்பிப்பதற்குச் சொற்கள் வேண்டும் என்று அறிஞர் கூடி உழைத்த காலம் அது. அப்பணிக்குத் தமிழ்ப் பண்டிதர் மட்டும் போதார். விஞ்ஞானிகள் மட்டும் போதார். இரண்டும் ஒருவரிடத்தே அமைதல் வேண்டும். இருபதாண்டுக்கு முன், 1916இலே, தம்முட் டொடர்பில்லாதனபோல் தோன்றிய இரு கல்விகளும் இங்கே கைகோத்து நின்றன. கற்ற காலத்திற் பயன் தோன்றாத ஒரு கல்வி இருபதாண்டு சென்று பயன் தந்தது.

இனி யாழ்நூலுக்கு வருவோம். பழந்தமிழர் கையாண்ட யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டு கழிந்துவிட்டது. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையும் அதன் உரைகளும் யாழையும் பண்ணையும் பற்றிக் கூறுவன பல. ஆயினும் கருவி மறைந்தமையால் அக்கூற்றுக்கள் கற்றோர்க்கும் விளங்காது கிடந்தன. அடிகளார் அவற்றைப் பொருள்காண முற்பட்டுச் சற்றேறக்குறைய 14 ஆண்டுகள் ஆராய்ந்தார். அவருக்குத் துணைநின்றது பழைய விஞ்ஞானப் பயிற்சியாம். நரம்பின் நீளத்தைச் செம்பாதியாக்கினால் அதே சுரம் மேற்றானத்தில் ஒலிக்கும். மூன்றிலிரண்டாக்கினாற் குரலுக்கு இளியாகிய சுரம் ஒலிக்கும். இவ்வாறு ஒலிக்கும் நீளத்துக்கும் உள்ள கணக்கை அடிப்படையாகக்கொண்டு, பழைய நூல்களிற் கூறப்பட்ட அலகுகளையும் பாலைகளையும் அவர் கணித்து நோக்கினார். வில்யாழ் முதலாக யாழின் வகைகளையும் உறுப்புக்களையும் ஆராய்ந்தார். பண்களின் இயல்பை விளக்கினார். தேவாரப் பண்களுக்கெனத் தேவாரவியல் என்னும் ஓரியலையே வகுத்தார். ஆலயங்களிலே ஓதப்படும் திருமுறையின் இசை பழந்தமிழிசையோடு கொண்ட உறவை அறிய விரும்பும் சைவ ஆசிரியர் யாவரும் அப்பகுதியைக் கற்றல் நன்று.

அப்பதினான்காண்டும் அவர் ஓரிடத்தில் அமர்ந்து யாழை மட்டும் ஆராய்ந்தாரல்லர். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியிலே பிரபுத்த பாரத என்னும் ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் றமிழ்ப் பேராசிரியராய்க் கொழும்பில் அமர்ந்தார். பாடசாலைக் காரியங்களும் சங்கக் காரியங்களும் உடன் வந்தன. நோயும் உடன் வந்தது. இத்தனைக்கும் இடையிலே ஆராய்ச்சி அறாது சென்றது. ஓய்வு கிடைக்கட்டும், பின்னர்ப் பார்ப்போம் என்று அவர் இருந்திருப்பாராயின் அந்நூல் பிறந்திராது.

மட்டக்களப்பு வாவியிலே நிலவுக் காலத்து இரவிற் கேட்கும் இன்னொலியை நம் முன்னோர் மீனின் பாட்டென்பர். கல்லடிப் பாலத்தருகே அதனைக் கேட்டோர் பலர். அடிகளாரும் அவ்வொலியிலே உள்ளம் வைத்து நீரரமகளிர் இன்னிசைப் பாடல் என்பதனை இயற்றினார். அவ்வொலி பகலில் இரைச்சலின் நடுவே கேட்பதன்று. படகை நிறுத்தித் துடுப்பை நீரில் ஊன்றி அதன் மறுமுனையிற் செவியை வைத்துப் பொறுத்திருப்பவனுக்கே அது தெளிவாகும். பிள்ளையின் வளர்ச்சியைக் கேட்க விரும்பும் ஆசிரியனுக்கும் இத்தகைய பொறுமையே வேண்டும்.

1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் 6ஆம் நாட்களிலே, சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் ஆதரவிலே யாழ்நூல் அரங்கேறிற்று. வெள்ளம் பெருகிய ஆற்றிலே ஓடக்காரர் இல்லாத ஓடத்தைத் திருஞானசம்பந்த சுவாமிகள் பதிகம் பாடிச் செலுத்திய திருத்தலம் அது. உடல் நலங் குன்றிய நிலையிலும் அடிகளார் அங்குச் சென்று அரங்கேற்றங் கண்டார். பின்னர் ஈழம் மீண்டு, ஜூலை மாதம் 19ஆம் நாள் கொழும்பிலே சிவபதம் அடைந்தார். அரங்கேற்றந் தொடங்கிய நாளுக்கும் மறைவுக்கும் இடையே கழிந்த நாட்கள் 44. திருவுடல் மட்டக்களப்புக்குக் கொண்டுவரப்பட்டுச் சிவாநந்த வித்தியாலய வளவிலே சமாதி வைக்கப்பட்டது. வாழ்ந்தது 55 ஆண்டுகளே.

இச்சரித்திரத்தை நாம் எதற்காக ஆண்டு ஆண்டாய்ப் பிரித்து நோக்கினோம் என்பதை இனிக் கூறுவாம். கதிரவெளி, வாகரை, வெருகல் என்னும் இவ்வடபாற் கரையூர்களிலே கற்பிக்கும் ஆசிரியர் அறிந்ததொன்றுண்டு. இவ்வூர்ப் பிள்ளைகள் 2004ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலையைக் கண்டனர். 2006இல் போர் காரணமாக ஊரைவிட்டு ஓடினர். மீண்டு வந்து முதலிலிருந்து தொடங்கினர். அக்காலத்துப் பிள்ளைகள் பலர் இக்காலத்துப் பெற்றோர். தம் படிப்பு இடையில் அறுந்தமையால், பிள்ளையின் கொப்பியை மாலையில் எடுத்து நோக்குதற்குத் துணிவற்றோர் அவருட் பலர். அப்பிள்ளைகளை நகரத்துப் பிள்ளைகளோடு ஒரே பரீட்சையில் நிறுத்தி, இவர்கள் வளரவில்லை என்று ஏடுகள் கூறுகின்றன. ஆசிரியனும் அவ்வேட்டையே நம்பிவிடுவானாயின் அப்பிள்ளைக்கு வேறு புகலிடம் யாது?

ஆதலின், ஏடு காட்டாத வளர்ச்சியைக் காணும் வழிகளை அடிகளார் வாழ்க்கையினின்றும் எடுத்துக்கொள்வோம். முதலாவது, பிள்ளையை அயற் பிள்ளையோடு ஒப்பிடாது அதன் பழைய நிலையோடு ஒப்பிடுக. தை மாதத்தில் எழுதிய ஒரு பக்கத்தை எடுத்துவைத்துக் கார்த்திகையில் எழுதிய பக்கத்தோடு அருகே வைத்துக் காண்க. நாடோறுங் கண்டமையாற் புலப்படாதது அங்கே புலப்படும். அதனைப் பிள்ளைக்கும் காட்டுக. தன் வளர்ச்சியைத் தன் கண்ணாற் கண்ட பிள்ளை பின்னர்த் தூண்டுதல் வேண்டி நில்லாது.

இரண்டாவது, இன்று பயனற்றதாய்த் தோன்றும் ஆர்வத்தை இகழாதொழிக. தோணி கட்டுவதிலோ, பறை கொட்டுவதிலோ, கணக்கிலோ, கூத்திலோ ஒரு பிள்ளைக்கு உள்ளம் செல்லுமாயின், பரீட்சைக்கு உதவாது என்று அதனை வெட்டிவிடுதல் ஆகாது. 1916இன் இரு கல்விகளும் 1936இலே சந்தித்தமையை நினைவிற் கொள்க.

மூன்றாவது, ஏவாமலே செய்தலும், அறிந்ததை மற்றொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தலும், தவறியவிடத்து நாணாது மீண்டும் கேட்டலும் வளர்ச்சியின் மெய்யான அடையாளங்கள் என்று கொள்க. இவற்றுக்குப் புள்ளி இடுவாரில்லை. ஆயினும் சென்ற ஆண்டு வாய்திறவாதிருந்த பிள்ளை இவ்வாண்டு ஐயங் கேட்குமாயின், அஃது ஒரு வகுப்பேற்றத்துக்குச் சமம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். மெல்ல வளர்தல் வேறு. வளராது கிடத்தல் வேறு. பொறுமை என்னும் பெயரால் நாம் பாடத்தை ஆயத்தஞ் செய்யாது செல்வோமாயின், அது பொறுமையன்று, சோம்பலேயாம். அடிகளாருடைய ஆண்டுகள் மெல்லச் சென்றன. எனினும் அவற்றுள் உழைப்பின்றிக் கழிந்தது ஒன்றில்லை. பனைவிதை காலத்தை எடுத்துக்கொள்கின்றது. ஆனால் அதன் கிழங்கு ஒருநாளும் வாளா இருப்பதில்லை.

ஈற்றில், நம்மையும் நாம் இக்கண்கொண்டே நோக்குதல் தகும். ஆசிரியத் தொழிலிலே இருபது முப்பது ஆண்டு கழிந்தபின், பெரிதாய் யாதும் செய்திலோம் என்னும் சோர்வு நம்மிற் பலர்க்கு உண்டாகின்றது. அவர்கள், தாம் முதலாண்டிற் சினந்த இடத்திலே இன்று சினவாது விளக்குகின்றார்களா, அன்று கைவிட்ட பிள்ளையை இன்று அருகழைக்கின்றார்களா, ஆண்டுக்கு ஒரு நூலாயினும் புதிதாய்க் கற்கின்றார்களா என்று வினவிக்கொள்ளட்டும். ஆம் என்னும் விடை கிடைப்பின் அவர்கள் வளர்ந்தவர்களே. இல்லை என்னும் விடை கிடைப்பினும் கவலற்க. முப்பதாம் வயதிலே தலைமையாசிரியர் ஒருவர் மீண்டும் மாணவராய் அமர்ந்தார் என்பதை எண்ணி, வருகின்ற திங்கட்கிழமையே தொடங்குக.

மண்ணுள் மறைந்து வளர்வனவற்றையெல்லாம் அறிந்து காக்கும் எம்பெருமான் திருவருள், நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் என்றும் முன்னின்று துணைபுரிவதாக.